அயர்லாந்துப் பெண்கள் – 7: ஆஸ்பிரினும் அரசியல் சாசனமும்

சென்ற பகுதி அடையாறில் முடிந்தது. ராஸ்காமன் மாவட்டத்துப் பாயில் ஊரில் பிறந்தவர் மார்கரெட் கசின்ஸ். 1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து டப்ளினில் வாக்குரிமைச் சங்கம் தொடங்கினார். டப்ளின் கோட்டையின் சன்னல்களை உடைத்துச் சிறைக்குப் போனார். 1915இல் இந்தியாவுக்கு வந்தார்; 1917இல் சென்னையில் இந்திய மாதர் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அவர் விட்டுவந்த நாட்டில், அவரோடு ஊர்வலம் போன பெண்களுக்கும் அவர்களுடைய மகள்களுக்கும் பேத்திகளுக்கும் என்ன ஆனது என்பதுதான் இந்தப் பகுதி.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1922இல் பிறந்த ஐரிஷ் சுதந்திர அரசு, 21 வயது நிறைந்த பெண்கள் எல்லோருக்கும் ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை கொடுத்தது. பிரிட்டனில் அதே உரிமை வர 1928 ஆகிவிட்டது. ஆனால் வாக்குச் சீட்டைக் கொடுத்த அதே அரசு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. 1927இல் வந்த ஜூரிச் சட்டம், பெண் தானாக மனுப் போட்டால் ஒழிய ஜூரியில் உட்கார முடியாது என்றது. 1929இன் தணிக்கைச் சட்டம் கருத்தடையை ஆதரித்து எழுதிய புத்தகங்களைத் தடை செய்தது. 1935-36இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, எந்தத் தொழிலிலும் பெண்களை வேலைக்கு எடுப்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அமைச்சரிடம் கொடுத்தது. மற்றொன்று, கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் விற்பனைக்காக நாட்டுக்குள் கொண்டுவருவதையும் குற்றமாக்கியது. 1937இன் அரசியல் சாசனம் எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தது. வீட்டுக்குள் பெண் வாழும் வாழ்வே நாட்டுக்குத் துணை நிற்கிறது என்றும், பணத் தேவைக்காகத் தாய்மார்கள் வீட்டுக் கடமையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும்படி நேராமல் அரசு பார்த்துக்கொள்ளும் என்றும் அதன் 41ஆம் பிரிவு சொன்னது. விவாகரத்தையும் அதே சாசனம் தடை செய்தது.

இவற்றில் பெண்களின் அன்றாட வாழ்க்கையை மிக நேராக வெட்டியது திருமணத் தடை விதி. அரசு ஊழியரான பெண் கல்யாணம் செய்துகொண்டால் அன்றோடு வேலையை விட வேண்டும். வங்கிகளிலும் பல தனியார் நிறுவனங்களிலும் இதே நடைமுறை. ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளுக்கு இது 1930களில் வந்தது. 1958இல், ஆசிரியர் பற்றாக்குறை தாங்காமல், அன்றைய கல்வி அமைச்சர் ஜாக் லின்ச் அதை எடுத்தார். மற்ற அரசுப் பணிகளில் அது அப்படியே நீடித்தது. வேலையை விடும் பெண்ணுக்குக் கல்யாணப் பணிக்கொடை என்று ஒரு தொகை கையில் கொடுப்பார்கள். கணவன் இறந்துபோனால் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. அவளுடைய படிப்பு, அனுபவம், திறமை எதுவும் கணக்கில்லை. கணவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதே கணக்கு. அந்தக் காலத்துப் பெண்கள் பின்னாளில் அளித்த வாய்மொழிப் பதிவுகளைக் கேட்டால் ஒன்று கவனத்துக்கு வரும். அவர்களில் பலர் இதை அப்போது அநியாயம் என்று நினைக்கவே இல்லை. ஊர் வழக்கம் அப்படி, வேலையை விட்டோம் என்கிறார்கள். கோபம் வந்ததெல்லாம் முப்பது நாற்பது வருடம் கழித்து, ஓய்வூதியக் கணக்கைப் பார்த்தபோதுதான்.

ஷீலா கான்ராயின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கார்க் மாவட்டத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் ஷீலா வில்லியம்ஸ். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். அங்கே சக ஊழியர்களின் சம்பளத்துக்காகவும் வேலை நேரத்துக்காகவும் பேசப்போய்த் தொழிற்சங்கத்துக்குள் வந்தார். நாட்டின் மிகப் பெரிய சங்கமான ஐரிஷ் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் தேசிய நிர்வாகக் குழுவுக்கு 1955இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் குழுவில் உட்கார்ந்த முதல் பெண் அவர். சில வருடங்களில் சங்கத்தின் தலைவர் ஜான் கான்ராயை மணந்தார். கணவர் தலைவராகத் தொடர்ந்தார்; மனைவி பதவியை விட்டு வீட்டுக்குப் போனார். தொழிலாளர் உரிமைக்கென்றே இருந்த இயக்கத்துக்குள்ளும் விதி அதுதான். 1969இல் கணவர் இறந்தார். அதன் பிறகுதான் ஷீலாவின் பொது வாழ்க்கை மீண்டும் தொடங்கியது. 1970இல் அரசு அமைத்த பெண்கள் நிலை குறித்த ஆணையத்தில் உறுப்பினரானார். 1976இல் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇயின் ஆணையத்துக்குத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான். இடையில் போன பத்து வருடங்களில் அவர் என்னென்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் மனம் ஆறுவதில்லை. அவருக்காவது இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. அதே காலத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான எழுத்தர்கள், ஆசிரியைகள், வங்கி ஊழியர்களுக்கு அதுவும் இல்லை. 1971இல் அயர்லாந்தில் கல்யாணமான பெண்களில் வீட்டுக்கு வெளியே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் நூற்றுக்கு 8 பேர்கூட இல்லை.

பெண்கள் நிலை குறித்த அந்த ஆணையமும் சும்மா வந்துவிடவில்லை. 1942இல் ஹில்டா ட்வீடியும் அவருடைய தோழியரும் தொடங்கிய இல்லத்தரசிகள் சங்கம், போர்க்காலத்தில் உணவுப் பங்கீட்டுக்கும் விலைக் கட்டுப்பாட்டுக்கும் போராடிய அமைப்பு. அவர்களும் வேறு சில பெண்கள் அமைப்புகளும் 1968இல் ஒன்றுகூடி அரசை விடாமல் வற்புறுத்தினார்கள். ஆணையத்தின் தலைவராக வந்தவர் தெக்லா பியர். 1959இல் அரசுத் துறை ஒன்றின் செயலாளராக உயர்ந்த முதல் ஐரிஷ் பெண்மணி அவர். திருமணம் செய்துகொள்ளாதவர், செய்திருந்தால் அந்த நாற்காலி அவருக்கு எட்டியிருக்காது. ஆணையம் கூடி, சாட்சியம் கேட்டு, நிதானமாக அறிக்கை எழுதியது. அதே நேரத்தில் டப்ளினில் இன்னொரு கூட்டம் கூடியது. அதற்கு நிதானம் இல்லை, இருக்கவும் அவசியம் இல்லை.

பேகட் தெருவில் மார்கரெட் காய் என்பவரின் உணவகம். ஸ்காட்லாந்தில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து, போலந்துக்காரரை மணந்து, டப்ளினில் கடை வைத்தவர் அவர். மாணவர்கள், தொழிற்சங்கத்தினர், வழக்கறிஞர்கள், இடதுசாரிகள் என்று எல்லோரும் வந்துபோகும் இடம். 1970இல் அங்கேதான் பெண்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் வளர்ந்து 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழுக்கு வந்த மேரி மாஹர், 'ஐரிஷ் பிரஸ்' மகளிர் பக்க ஆசிரியர் மேரி கென்னி, டெர்ரி நகரிலிருந்து வந்த நெல் மெக்காஃபர்ட்டி, பத்திரிகையாளர்கள் ஜூன் லெவினும் நூலா ஃபென்னலும், மருத்துவர் மோய்ரா உட்ஸ், தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த மாரீன் ஜான்ஸ்டன், அரசியல் போராளி மாரீன் டி பூர்கா. இந்தக் கடைசிப் பெயரைக் கவனம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அதிபர் நிக்சன் 1970 அக்டோபரில் டப்ளின் வந்தபோது, வியட்நாம் போரை எதிர்த்து அவருடைய கார் மேல் முட்டை எறிந்து அபராதம் கட்டியவர்.

இந்தப் பெண்களில் பத்திரிகைக்காரர்கள் இத்தனை பேர் இருந்தது தற்செயல் இல்லை. மகளிர் பக்கம் என்றால் தொப்பி, சமையல் குறிப்பு, உடை அலங்காரம் என்று இருந்த நாட்களில், மாஹரும் கென்னியும் அதே பக்கங்களில் கைவிடப்பட்ட மனைவிகளைப் பற்றியும், கல்யாணமாகாத தாய்மார்களைப் பற்றியும், சம்பள வித்தியாசத்தைப் பற்றியும் எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஆண் ஆசிரியர்கள் அந்தப் பக்கங்களை அதிகம் படிக்கவில்லை. வாசகிகள் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களின் வழியாக நாட்டின் சமையலறைகளில் நடப்பதெல்லாம் இவர்கள் மேசைக்கு வந்தது. அயர்லாந்தின் பெண்கள் இயக்கத்துக்கு வேர் எங்கே என்று கேட்டால், அந்தத் தபால் கட்டுகளில் என்றுதான் நான் சொல்வேன்.

ஒருவருக்கொருவர் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். பின் சட்டப் புத்தகங்களைப் புரட்டினார்கள். தெரிய வந்தவற்றைத் தொகுத்து 'விலங்கா, மாற்றமா' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார்கள். அதில் இருந்தவை வேண்டுகோள்களை விட அதிகமாக விவரங்கள்தான். பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை தகப்பன் பெயருக்குத்தான் வரும். தவணையில் பொருள் வாங்க வேண்டுமானால் கணவனோ தகப்பனோ கையெழுத்துப் போட வேண்டும். வருமான வரியில் திரும்பக் கிடைக்கும் பணம், மனைவி சம்பாதித்ததாக இருந்தாலும், கணவனுக்கே போகும். ஆலைகளில் பெண் வாங்கிய கூலி ஆண் வாங்கியதில் பாதியை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. சம ஊதியம், சட்டத்தின் முன் சமத்துவம், சமமான கல்வி, கருத்தடை உரிமை, கைவிடப்பட்ட மனைவியருக்கும் விதவைகளுக்கும் கல்யாணமாகாத தாய்மார்களுக்கும் நியாயம், குடும்பத்துக்கு ஒரு வீடு. இவைதான் கோரிக்கைகள்.

1971 மார்ச் 6, சனிக்கிழமை இரவு. கே பைர்ன் நடத்திய 'லேட் லேட் ஷோ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியை நாடே உட்கார்ந்து பார்க்கும். அன்று முழுவதும் இந்தப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் மேரி கலன், தயாரிப்பாளர் லீலியா டூலன், மாரீன் ஜான்ஸ்டன், நெல் மெக்காஃபர்ட்டி, 26 வயது செனட்டர் மேரி ராபின்சன் ஆகியோர் மேடையில். முதலில் அமைதியாகத்தான் போயிற்று. பார்வையாளர்களிடையே இருந்த மேரி கென்னி, அரசியல்வாதிகளுக்குப் பெண்களைப் பற்றிக் கவலையே கிடையாது என்று போட்டு உடைத்தார். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் காரட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அது பொறுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். பிற்காலத்தில் பிரதமரான அதே ஃபிட்ஸ்ஜெரால்டு. அவர் அரசியல்வாதிகளுக்காக வாதாட, பெண்கள் எழுந்து கேள்வி கேட்க, நிகழ்ச்சி கூச்சலில் முடிந்தது. ஆனால் அந்த இரவுக்குள் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சேதி போய்விட்டது. ஏப்ரல் 14ஆம் தேதி டப்ளின் மேயர் மாளிகையில் பொதுக்கூட்டம் என்று அறிவித்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். கைவிடப்பட்ட மனைவிகள், விதவைகள், ஆலைத் தொழிலாளிகள் எழுந்து தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். கல்யாணமாகாமல் தாயானவள் என்று ஊரறியச் சொல்வதற்கு அன்று எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, அப்படித் தாயானவர்களைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிகளில் மறைத்துவைத்த நாட்டை நினைத்தால் புரியும். அதைப் பற்றி இத்தொடரில் தனியே எழுத வேண்டும்.

இதற்கிடையே மார்ச் மாத இறுதியில் டப்ளின் பேராயர் ஜான் சார்ல்ஸ் மெக்வெய்டின் கடிதம் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. கருத்தடையை அனுமதிக்கும் சட்டம் நாட்டுக்குச் சாபமாகும் என்றது அது. பூசையின் நடுவில் சில பெண்கள் எழுந்து வெளியேறினார்கள். மேரி ராபின்சன் மேலவையில் கொண்டுவர முயன்ற கருத்தடை மசோதாவை விவாதிக்க வேண்டாம், அச்சடிக்கக்கூட அந்த அவை சம்மதிக்கவில்லை. அவருக்கு வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. கணவர் நிக் அவற்றைத் தீயில் போட்டார். அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கலாம் என்று ராபின்சன் பிற்காலத்தில் வருந்தியிருக்கிறார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. எதிர்த்தவர்களின் கையெழுத்தும் வரலாற்றுக்கு வேண்டும்.

கருத்தடை விஷயத்தில் அன்றைய நிலைமையின் விசித்திரம் என்னவென்றால், மாத்திரை நாட்டுக்குள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும் மருந்து என்ற பெயரில், பழக்கமான மருத்துவர் எழுதிக்கொடுத்தால். அப்படி ஒரு மருத்துவர் அமையாத பெண்ணுக்கு வழி இல்லை. ரயிலில் இரண்டு மணி நேரப் பயணத்தில் பெல்ஃபாஸ்ட் இருந்தது. அது பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட வடக்கு அயர்லாந்து. அங்கே எல்லாம் கடையில் கிடைக்கும். வசதியுள்ளவர்கள் போய் வாங்கிப் பையில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். மறைக்காமல் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிடுவது என்று மெக்காஃபர்ட்டியும் தோழியரும் தீர்மானித்தார்கள்.

1971 மே 22. டப்ளின் கானலி நிலையத்திலிருந்து 47 பெண்கள் ரயிலேறினார்கள். கூடவே பத்திரிகைக்காரர்கள், தொலைக்காட்சிக் கேமராக்கள். பெல்ஃபாஸ்டில் மருந்துக் கடைக்குள் நுழைந்து மெக்காஃபர்ட்டி கருத்தடை மாத்திரை கேட்டார். மருத்துவர் சீட்டு எங்கே என்றார் கடைக்காரர். அப்போதுதான் விஷயம் உறைத்தது: மாத்திரைக்கு அங்கேயும் சீட்டு வேண்டும். ஆணுறைகளும் களிம்புகளும் வாங்கலாம். ஆனால் கேமராவுக்கு முன் உயர்த்திக் காட்டி விழுங்க மாத்திரை வேண்டுமே. கல்யாணமாகாத, அந்தச் சாதனங்களை வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணால் பார்க்கும் பெண்களும் கூட்டத்தில் இருந்தார்கள். மெக்காஃபர்ட்டி ஒரு நிமிடம் யோசித்தார். நூற்றுக்கணக்கில் ஆஸ்பிரின் கொடுங்கள் என்றார். டப்ளின் சுங்க அதிகாரிகள் யாரும் கருத்தடை மாத்திரையைக் கண்டிருக்கமாட்டார்கள். வெள்ளை மாத்திரை எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான்.

திரும்பும் ரயிலில் எல்லோருக்கும் பயம் இருந்தது என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். வேலை போகலாம், வழக்கு வரலாம், ஊரில் தாய் தகப்பன் தொலைக்காட்சியில் பார்ப்பார்கள். கானலி நிலையத்தில் இறங்கியபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம் காத்திருந்தது. சுங்க மேசைக்கு முன் பெண்கள் நின்று, எங்களிடம் இருக்கிறது, கொடுக்கமாட்டோம் என்றார்கள். சிலர் ஆஸ்பிரினை வாயில் போட்டு விழுங்கினார்கள். சிலர் பாக்கெட்டுகளைத் தரையில் வீசினார்கள். விடு, அவர்களை விடு என்று வெளியிலிருந்து கோஷம் எழுந்தது. அதிகாரிகள் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார்கள். யாரும் கைதாகவில்லை. 47 பெண்கள் பட்டப்பகலில் சட்டத்தை மீற, அரசு பார்த்துக்கொண்டு நின்றது. 36 வருடமாக நாட்டை ஆட்டிவைத்த பிரிவை இந்தப் பெண்கள் மேல் பிரயோகிக்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. சட்டம் இன்னும் 8 வருடம் ஏட்டில் இருந்தது என்றாலும், மக்கள் மனத்தில் அதற்கிருந்த பயம் அன்றே போய்விட்டது.

அந்தப் பயணத்தை எல்லோரும் ரசிக்கவில்லை. இயக்கத்துக்குள்ளேயே பலருக்கு அது ஆர்ப்பாட்டமாகப் பட்டது. கிராமத்துப் பெண்கள் மிரண்டுபோவார்கள் என்று கருதியவர்களில் நூலா ஃபென்னலும் ஒருவர். வீடற்றவர்கள் காலி வீடுகளில் குடியேறுவதைத் தண்டிக்க அரசு கொண்டுவந்த மசோதா குறித்தும் கருத்து பிளந்தது. அந்த வருடம் முடிவதற்குள் இயக்கம் கலைந்தது. ஒரு வருடத்துக்குள் கலைந்ததைத் தோல்வி என்று சில நூல்கள் எழுதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபென்னல் 1972இல் எய்ம் என்ற அமைப்பைத் தொடங்கி, கைவிடப்பட்ட மனைவியரின் ஜீவனாம்சத்துக்காகவும் குடும்பச் சட்ட மாற்றத்துக்காகவும் வேலை செய்தார்; பிறகு நாடாளுமன்றம் போய், பெண்கள் விவகாரங்களுக்கான துணை அமைச்சரானார். அதே 1972இல் கல்யாணமாகாத தாய்மார்களுக்காக, அவர்களே நடத்திய செரிஷ் அமைப்பு பிறந்தது. மேரி கென்னி லண்டன் போய், பின்னாளில் கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பி, பல விஷயங்களில் பழைய தோழியருக்கு எதிர்ப்பக்கம் நின்று எழுதினார். ஒரே மேசையில் அமர்ந்தவர்கள் ஒரே வழியில் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஆண் தலைவர்களிடம் நாம் வைக்காத நிபந்தனை.

ரயிலைப் பற்றி நாடகமே வந்துவிட்டது. 2015இல் மேடையேறிய இசை நாடகம் அது. ஆனால் சட்டத்தை உடைத்தவர் அந்த ரயிலில் இல்லை. அவர் மே மெக்கீ. டப்ளினுக்கு வடக்கே கடற்கரை ஊரான ஸ்கெரிஸ் பக்கத்தில் நகரும் வீடு ஒன்றில் குடியிருந்தார். கணவர் மீனவர், வாரத்துக்கு ஏறத்தாழ 20 பவுண்டு வருமானம். 1968 டிசம்பரில் முதல் குழந்தை, 1970 ஜனவரியில் இரண்டாவது, அதே வருடம் நவம்பரில் இரட்டைக் குழந்தைகள். இரண்டே வருடத்தில் நான்கு. கர்ப்ப காலங்களில் அவருக்கு இரத்த அழுத்தம் ஏறியது. ஒருமுறை மூளையில் இரத்தம் உறைந்து சில காலம் கைகால் இயக்கம் போனது. இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து என்றார் மருத்துவர். அவருடைய உடல்நிலைக்கு மாத்திரை ஒத்துவராது என்பதால் உள்ளே பொருத்தும் சாதனமும் அதோடு சேர்த்துப் பயன்படுத்தும் களிம்பும் எழுதிக்கொடுத்தார். களிம்புக்கு இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டார் மெக்கீ. பார்சல் வரவில்லை, சுங்கத்துறையின் கடிதம் வந்தது. 1935ஆம் வருடச் சட்டப்படி பொருள் பறிமுதல்.

மெக்கீ தம்பதியர் வழக்குப் போட்டார்கள். இதில் அவர்கள் அடைந்தது என்ன என்பதைவிட அவர்கள் இழக்கத் துணிந்தது என்ன என்று பார்க்க வேண்டும். படுக்கையறை விஷயத்தை, உடம்பின் நோயை, வருமானத்தை, எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் பெயர் வரும். ஞாயிற்றுக்கிழமை அதே ஊர்த் தேவாலயத்துக்குப் போக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை நடத்தியவர் ஷான் மெக்பிரைடு. மனைவியின் கல்லறையில் பூ வைப்பதைவிட அவர் கருத்தடை பயன்படுத்துவதே தனக்கு மேல் என்று மீனவர் சாட்சிக் கூண்டில் சொன்னதை அயர்லாந்தில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1973 டிசம்பர் 19 அன்று, ஐந்து நீதிபதிகளில் நால்வர் மெக்கீ பக்கம் தீர்ப்பளித்தார்கள். தம்பதியரின் அந்தரங்கத்தில் அரசு தலையிட முடியாது, சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்வதைத் தடுக்கும் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றார்கள். தீர்ப்புக்கு அவர்கள் துணைக்கு எடுத்த பிரிவுகளில், குடும்பத்தைப் பாதுகாக்கும் அதே 41ஆம் பிரிவும் உண்டு. பெண்ணை வீட்டுக்குள் வைக்க எழுதிய பிரிவு, வீட்டுக்குள் அரசு நுழைவதைத் தடுக்க உதவியது.

விற்பனை மட்டும் குற்றமாகவே நின்றது. அடுத்த வருடம் ஜூலையில் அதைச் சரிசெய்ய அரசு மசோதா கொண்டுவந்தது. வாக்கெடுப்பில் பிரதமர் லியம் காஸ்கிரேவ் எழுந்துபோய்த் தம் அரசின் மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார், மசோதா தோற்றது. 1979இல் வந்த சட்டமோ மருத்துவர் சீட்டோடு, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் என்றது. ஆணுறையை வயது வந்தவர் யாரும் சீட்டில்லாமல் வாங்க 1985 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

வேலை விஷயத்தில் மாற்றம் விரைவாக வந்தது. தெக்லா பியர் ஆணையத்தின் அறிக்கை 1972 டிசம்பரில் வெளியானது. அடுத்த மாதம் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 1973 ஜூலையில் அரசுப் பணியில் திருமணத் தடை நீங்கியது. 1974இல் பிள்ளைகளின் உதவித்தொகை தாயின் கைக்கு வந்தது. அதே வருடம் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அமலுக்கு வரும் நேரத்தில், பொருளாதாரம் தாங்காது, கொஞ்சம் விலக்கு வேண்டும் என்று டப்ளின் அரசு பிரஸ்ஸல்ஸிடம் கேட்டது. சமூக விவகாரங்களுக்கான ஐரோப்பிய ஆணையராக அப்போது இருந்தவர் பாட்ரிக் ஹில்லரி, ஐரிஷ்காரர். சொந்த நாட்டின் கோரிக்கையை அவர் நிராகரித்தார். நியாயம் வெளியிலிருந்தும் வரும். ஆனால் அதைக் கேட்டு வாங்கச் சங்கங்களில் பெண்கள் இருந்தார்கள் என்பதால்தான் வந்தது.

மாரீன் டி பூர்காவிடம் வருவோம். 1971இல், மேலே சொன்ன குடியேற்ற மசோதாவை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு வெளியே நடந்த மறியலில் அவரும் மேரி ஆண்டர்சனும் கைதானார்கள். தங்களை விசாரிக்க ஜூரி வேண்டும் என்றார்கள். 1927ஆம் வருடச் சட்டப்படி ஜூரியில் உட்கார, குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் சொத்து வேண்டும். பெண்கள் தாமாக மனுப் போட வேண்டும். 1963 முதல் பத்து வருடத்தில் நாடு முழுவதும் ஜூரியில் அமர்ந்த பெண்கள் 3 பேர். ஆக, வீடற்றவர்களுக்காகப் போராடிய இரண்டு பெண்களை விசாரிக்கப்போவது சொத்துள்ள ஆண்கள். இது எங்களுக்குச் சமமானவர்களின் ஜூரி இல்லை என்று அவர்கள் அரசின் மேலேயே வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் மேரி ராபின்சனும் ஒருவர். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் இரண்டு நிபந்தனைகளையும் ரத்து செய்தது. 1976இல் புதிய ஜூரிச் சட்டம் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள பெண்ணும் ஆணும், சொத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே தகுதியில் அழைக்கப்பட்டார்கள்.

இந்தப் பெண்களின் சொற்கள் நம் கைக்கு எட்டுவதற்கும் பெண்களே காரணம். ஜூன் லெவின் 1982இல் அந்த நாட்களைத் தன்வரலாறாக எழுதினார். மெக்காஃபர்ட்டி 2004இல் எழுதினார். ரோஷீன் கான்ராய் என்பவர் இயக்கத்தின் துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் எதையும் தூக்கி எறியாமல் சேர்த்தார். 1984இல் அட்டிக் என்ற பதிப்பகம் நடத்த ஆரம்பித்தார்; அவர் சேர்த்தவை இன்று கார்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நெல் மெக்காஃபர்ட்டி 2024 ஆகஸ்டில் காலமானார். அதே வருடம் மார்ச்சில் அரசியல் சாசனத்தின் 41ஆம் பிரிவில் பெண்ணின் வீட்டு வாழ்க்கை பற்றிய வாசகத்தை நீக்கி, வீட்டில் பராமரிப்போர் பற்றிய வாசகம் சேர்ப்பதா என்று மக்களிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 74 பேர் அளவில் வேண்டாம் என்றார்கள். மாற்று வாசகம் வலுவற்றது, உடல் ஊனமுற்றோரையும் அவர்களைப் பார்த்துக்கொள்வோரையும் அரசு கைகழுவ வழிசெய்யும் என்று எதிர்த்தவர்களில் பெண்ணுரிமைக்காக வாழ்நாள் முழுக்க உழைத்தவர்களும் இருந்தார்கள். ஆகவே 1937இன் அந்த வாசகம் இன்றும் அச்சில் இருக்கிறது.

ரயிலிலிருந்து இறங்கியவர்களுக்கு வழிவிட்ட அதே நாடு, 12 வருடம் கழித்து, 1983இல், கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை என்று சாசனத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தை எதிர்த்து நின்றவர்களில் டப்ளின் மருத்துவர்களும் சட்டக் கல்லூரி மாணவிகளும் உண்டு. அவர்களுடைய கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)